குடும்பத்தார் ஒருவர்

அந்தக் காணொளியில் மலர்விழியின் முகம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட அவளுக்கு இவ்வளவு நல்ல படம் அமையவில்லை. கிள்ளான் நகரில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி நடைபாதை. மலர்விழியின் இடுப்பில் ஐந்து வயதுச் சிறுமி. பின்னாலேயே பெற்றவள் தலைவிரி கோலமாக ஓடிவந்து அவள் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், முதுகில் குத்துகிறாள், "என் பிள்ளைய விடுடி!" என்று கட்டடமே அதிர அலறுகிறாள். மலர்விழி திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கி, கீழே நின்ற வெள்ளை வேனில் பிள்ளையை ஏற்றிக் கதவைச் சாத்துகிறாள். எதிர் மாடியில் துணி காயப்போட வந்த யாரோ கைப்பேசியில் பிடித்த படம் அது.

பிடித்தவர் அதோடு விட்டிருந்தால் நாலு பேர் பார்த்து நாலு பேர் உச்சுக் கொட்டியிருப்பார்கள். ஆனால் நம் ஆட்களுக்குச் சும்மா ஒரு படம் கையில் கிடைத்தால் அரிக்கும். முகம் தெரியாத ஒரு புண்ணியவான் அதற்குப் பின்னணிக் குரல் சேர்த்தான். "மக்களே, உஷார்! வெல்ஃபேர்னு சொல்லிக்கிட்டு நம்ம பிள்ளைங்களப் புடிச்சிட்டுப் போயி வெளிநாட்டுக்கு விக்கிறாங்க. இந்தப் பொம்பள முகத்த நல்லாப் பாத்துக்கங்க. வெள்ளை வேன் வந்தா கதவத் தொறக்காதீங்க." காலையில் எடுத்த படம், சாயங்காலத்துக்குள் கிள்ளானைத் தாண்டி, காஜாங்கைத் தாண்டி, மலர்விழியின் சொந்தச் சித்தி நடத்தும் வாட்சாப் குழுவுக்கே வந்துவிட்டது. சித்தி அதன் கீழே கைகூப்பும் பொம்மைகளை வரிசையாகப் போட்டு, 'கடவுளே, பெண்ணா இவள்' என்று எழுதியிருந்தாள். அப்புறம்தான் முகத்தை உற்றுப் பார்த்திருக்க வேண்டும். எழுதியதை அழித்துவிட்டாள். படத்தை அழிக்கவில்லை.

மலர்விழி பிள்ளைகள் நல இலாகாவில் பாதுகாப்பு அதிகாரி. அடிபட்ட, சூடுபட்ட, பட்டினி போடப்பட்ட பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்துப் பத்திரமான இடத்தில் சேர்ப்பது அவள் வேலை. அந்தப் படத்தில் தெரிந்த அத்தனையும் உண்மை. குத்து வலித்தது, சட்டை கிழிந்தது. ஒன்று மட்டும்தான் உண்மையில்லை: அந்த அழுகை.

பிள்ளையை எடுத்துப் போகச் சொன்னதே பெற்றவள்தான். பெயர் ஷாமினி. துணி துவைத்துத் தரும் ஒரு டோபிக் கடையில் வேலை. முதலாளியம்மா இராஜம்மா சாப்பிடப் போன நேரத்தில், கடை போனிலிருந்து இலாகாவைக் கூப்பிட்டாள். பின்னால் இயந்திரங்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"மேடம், எம் பிள்ள கையில சிகரெட்டால சுட்டுட்டாரு. போன மாசம் என்னைய. இப்ப பிள்ளைய. டிவி சத்தத்தக் கூட்டி வச்சிட்டுத்தான் ஆரம்பிப்பாரு, வெளிய கேக்கக் கூடாதுன்னு. நீங்க வந்து தூக்கிட்டுப் போயிடுங்க."

"நீங்களும் வந்துருங்கம்மா. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு" என்றாள் மலர்விழி.

"நான் வந்தா தேடி வந்து வெட்டுவாரு மேடம். எங்கக்கா வீட்டுக்கு ஒரு தடவ போனேன், அங்கயும் வந்துட்டாரு. பிள்ளைய கவர்மெண்ட்டு எடுத்துட்டா கவர்மெண்ட்டத்தான் திட்டுவாரு. நான் கூப்பிட்டேன்னு மட்டும் தெரியக் கூடாது. நீங்க வரும்போது நான் அழுவேன், கத்துவேன், அடிச்சாலும் அடிப்பேன். நீங்க கண்டுக்காதீங்க, மேடம். போயிட்டே இருங்க."

அதனால்தான் மலர்விழி திரும்பிப் பார்க்கவில்லை. ஷாமினி பாவம், ஊரே நம்பும்படி அழுதாள். நாடே நம்பிவிட்டது.

வேனில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சிறுமி, விஷ்ணுப்ரியா, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மலர்விழியிடம் ரகசியம் சொன்னாள். "ஆன்டி, அம்மா சும்மாதான் அழறாங்க. எங்காதுல சொன்னாங்க." மலர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முழங்கையில் வட்டமாக ஒரு புண் பழுத்திருந்தது. சிறார் நீதிமன்றத்தில் தற்காலிக உத்தரவு வாங்கி, டெங்கிலில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த காப்பகத்தில் அவளைச் சேர்த்தார்கள். அன்றிரவே பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டதாகக் காப்பகத்திலிருந்து சொன்னார்கள்.

ஆக, மலர்விழிக்குத் தன் மேல் விழுந்த பழி ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது. ஊர் அவளைத் திட்டுகிற வரைக்கும் அந்த வீட்டில் ஷாமினி உயிரோடு இருப்பாள். பிள்ளை பிடிப்பவள், ராட்சசி, யாருக்கோ கைக்கூலி என்று வந்த எல்லாவற்றையும் படித்துவிட்டு, திட்டிக்கொள்ளுங்கள் சாமிகளா என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆனால் பொய் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்குமா? அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. வெள்ளை வேன் பாலர் பள்ளி வாசலில் நின்றதாம். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை லோரிக்குள் பிள்ளைகளின் செருப்பு கிடந்ததாம். பார்த்தவரின் பக்கத்து வீட்டுக்காரரே சொன்னாராம். தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். மலர்விழியோடு பயிற்சி பெற்ற அதிகாரி ஒருத்தி, காஜாங்கில் பிறவியிலேயே நடக்க முடியாத ஒரு பையனுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கப் போயிருக்கிறாள். போனவளின் காரைச் சுற்றி வளைத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். நாற்காலியையும் உடைத்தார்கள். மலர்விழியின் அலுவலகத்தில் போன் மணி அடிப்பது குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளை அலறுகிறது என்று முன்பு கூப்பிட்டுச் சொன்ன தமிழ்க் குரல்கள் அடியோடு நின்றுபோயின. பிள்ளைகள் அலறுவது நின்றிருக்கும் என்று அவள் ஒரு கணமும் நம்பவில்லை.

ஷாமினியின் புருஷன் பரமேஸ்வரனுக்கோ யோகம் அடித்தது. லோரி ஓட்டுபவன், ஆள் பார்க்கச் சாது. பெரியவர்களைக் கண்டால் கைகட்டி நிற்பான், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். அவனைத் தேடி வந்தார் தம்புசாமி. ஏதோ ஓர் உரிமைக் கழகத்தின் தலைவர். அந்தக் கழகத்தில் அவரையும் அவருடைய கார் ஓட்டியையும் தவிர மூன்றாவது ஆளை யாரும் பார்த்ததில்லை. நம் நாட்டில் எது நடந்தாலும் முதலில் போலீஸ் ரிப்போர்ட் போட வேண்டும். போட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலிலேயே வரிசையாக நின்று, அந்தக் காகிதத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிருபர்களுக்கு முகம் காட்ட வேண்டும். தம்புசாமி இதில் கைதேர்ந்தவர். பரமேஸ்வரனை நடுவில் நிறுத்தினார், காகிதத்தைப் பிடிக்கச் சொன்னார், அழவும் சொன்னார். அவன் அழுதான்.

மறுநாள் தமிழ் நாளிதழ் ஒன்றில் முதல் பக்கத்திலேயே, 'பிள்ளைகளை விற்கிறதா இலாகா?' என்று தலைப்பு வந்தது. செய்திக்குள்ளே, பத்திகள் பல தாண்டி, 'இதற்கு ஆதாரம் ஏதும் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் பத்திரிகைக்காரர்களுக்குப் பாவமெல்லாம் கழிந்துவிடும் போல.

அதை எழுதிய முகுந்தன் மலர்விழிக்குத் தெரிந்த பையன்தான். முன்பு தத்தெடுப்பு பற்றி அழகான கட்டுரை எழுதியவன். கூச்சமில்லாமல் அவளையே கூப்பிட்டான்.

"அக்கா, தலைப்பு நான் வச்சதில்ல, எடிட்டர் வச்சது. சத்தியமா. உங்க பக்கத்தையும் போடணும்னு எனக்கு ஆசை. யாரு புகார் கொடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேர நானே காப்பாத்துறேன்."

"எம்பேரு கெடக்கட்டும் தம்பி. நான் ஒன்னும் சொல்ல முடியாது. மேலிடத்தக் கேளுங்க."

"மேலிடத்தக் கேட்டா மேல மேலன்னு கைய காட்றாங்கக்கா. நீங்க வாயத் தொறக்கலன்னா அவனுங்க சொல்றதுதான் நிக்கும்லா."

நிற்கட்டும் என்றுதான் மலர்விழிக்குச் சொல்ல ஆசை. அதைச் சொல்ல முடியுமா? போனை வைத்தாள்.

மேலிடம் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வது அநியாயம். முழித்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. முதலில் காணொளிப் படத்தின் மேல் சிவப்பு எழுத்தில் 'பொய்' என்று முத்திரை குத்திச் சமூக ஊடகத்தில் போட்டார்கள். அதுவரை படத்தைப் பார்க்காதவர்களும் அப்போது பார்த்துக்கொண்டார்கள். காஜாங்கில் கண்ணாடி உடைந்த பிறகு தலைமையகமே கலங்கிப்போனது. விரிவான அறிக்கை விடுவதென்று முடிவாயிற்று. மலர்விழியின் மேலதிகாரி புவான் ஹமீடா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள்; மலர்விழி அவரை 'புவான்', அதாவது அம்மா என்றுதான் அழைப்பாள்.

"யாரும் புகார் கொடுக்காமல் நாமே வீடு புகுந்து பிள்ளையைத் தூக்கினோம் என்பதுதான் அவர்களுடைய பெரிய குற்றச்சாட்டு, மலர். அதை உடைக்க வேண்டும். புகாரின் பேரில்தான் போனோம் என்று போடச் சொல்லியிருக்கிறேன்."

"புகார் என்று மட்டும் போடுங்கள், புவான். யார் என்று வேண்டாம்."

"தாய் என்று போடமாட்டார்கள். குடும்பத்தார் ஒருவர் என்று பொதுவாக."

"புவான், அந்த வீட்டில் மொத்தமே மூன்று பேர். ஒன்று ஐந்து வயதுப் பிள்ளை. ஒன்று அவன். யாரென்று கண்டுபிடிக்க அவன் யோசிக்கவே வேண்டாம்."

ஹமீடா உடனே போனை எடுத்தார். அந்தப் பக்கம் எடுத்தவரிடம் விளக்கினார், கெஞ்சினார், கடைசியில் அதட்டினார். அறிக்கை ஏற்கெனவே நிருபர்களின் வாட்சாப் குழுவுக்குப் போய்விட்டது என்றார்கள். சரி, உடனே மீட்டுக்கொள்ளுங்கள் என்றார். மீட்டுக்கொண்டார்கள். எப்படி? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு, 'திருத்தப்பட்ட அறிக்கை. முந்தையதைப் பயன்படுத்த வேண்டாம்' என்று புதிதாக ஒன்றை அதே குழுவில் போட்டார்கள்.

நிருபர்கள் என்ன செய்வார்கள்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். யாருமே கவனிக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு வரி, எடுக்கப்பட்டதாலேயே எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது.

மலர்விழி முகுந்தனைக் கூப்பிட்டாள். அவன் குரலில் உற்சாகம் பொங்கியது.

"அக்கா! நீங்க சொல்லலன்னாலும் உண்ம வெளிய வந்துருச்சு. ஆன்லைன்ல போட்டுட்டேன். 'குடும்பத்திலிருந்தே வந்தது புகார். அதிகாரி மீது தவறில்லை'ன்னு. உங்க பேரு கிளியராயிருச்சுக்கா."

"தம்பி, அத எடுத்துருப்பா. இப்பவே எடு."

"ஏன்க்கா? உண்மதானே?"

உண்மைதான். அதுதானே கொடுமை. ஏன் என்று சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவன் எதற்கு எடுக்கப் போகிறான்? "உன் கூடப் பிறந்தவளா நெனச்சிக் கேக்கிறேன். எடுத்துரு, முகுந்தா." அவள் குரல் உடைந்ததும் அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எடுத்துட்டேன்க்கா" என்றான். பையன் நல்லவன். எடுத்ததால் என்ன ஆயிற்று என்றால், 'உண்மையைப் போட்டார்கள், மிரட்டி எடுக்க வைத்தார்கள்' என்று ஒரு கூட்டமும், 'பொய் என்பதால்தான் எடுத்தார்கள்' என்று இன்னொரு கூட்டமும் கிளம்பின. இரண்டு கூட்டமும் அந்தச் செய்தியைப் படம் பிடித்து வைத்திருந்து பரப்பின.

மலர்விழி டோபிக் கடைக்குப் போன் போட்டாள். இராஜம்மாதான் எடுத்தாள். "ஷாமினியா? வேலைக்கு வரலலா. அவ புருஷன்தான் போன எடுத்து, காய்ச்சல்னு சொன்னாரு. நீங்க யாரும்மா?" மலர்விழி போனை வைத்துவிட்டுப் போலீஸுக்குச் சொன்னாள். அவர்களும் போனார்கள், குறை சொல்ல முடியாது. பரமேஸ்வரன் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, குளிர்பானம் கொடுத்தானாம். ஷாமினி அவன் பக்கத்தில் நின்று, எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை, பிள்ளை இல்லாததுதான் குறை என்றாளாம். பெண்ணே அப்படிச் சொன்ன பிறகு அவர்கள் என்ன செய்வார்கள், திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்த செய்தியாளர் கூட்டத்தைத் தம்புசாமி பிரிக்பீல்ட்ஸில் வைத்தார். ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மாடி. நிருபர்களுக்குச் சாப்பாடு உண்டு. மலர்விழி அங்கே போகக் கூடாது என்று உத்தரவு. அலுவலகத்தில் ஹமீடாவின் மேசையருகே நின்று நேரலையில் பார்த்தாள். கடையில் மின்விசிறிகள் சுற்றியும் எல்லோருக்கும் வேர்த்தது. ஷாமினி மட்டும் மணிக்கட்டு வரை கையுள்ள ரவிக்கை போட்டிருந்தாள். முகத்தில் பவுடர் கொஞ்சம் கூடுதல்.

"குடும்பத்திலேர்ந்தே புகார் வந்துச்சாம்!" என்று தம்புசாமி முழங்கினார். "பெத்த தாய் மேலயே பழி! இந்த அம்மா இப்ப எல்லார் முன்னாடியும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணப் போறாங்க. அந்த அதிகாரிக்குத் தைரியம் இருந்தா வரட்டும், இதே பிரிக்பீல்ட்ஸ்ல எந்தக் கோயில் வாசல்ல வேணும்னாலும் வந்து சூடம் அணைக்கட்டும்!"

ஒரு தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்கள். பத்திரிகைக்காரர்கள் ரசத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். பரமேஸ்வரன் பொண்டாட்டியின் தோளில் கைவைத்து, எப்போதும் போலச் சன்னமாகச் சொன்னான். "பிள்ள மேல சத்தியம் பண்ணு."

ஷாமினி சுடரைப் பார்த்தபடி நின்றாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. திடீரென்று ஷாமினி இடது கையால் கழுத்துத் தாலியை இழுத்து வெளியே போட்டுப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் சூடத்தை ஓங்கி அறைந்தாள். "நான் யார்கிட்டயும் எம்புருஷன் மேல புகார் கொடுக்கல. எந்தாலி மேல சத்தியம்!"

கூட்டம் உருகிவிட்டது. தாலி மேலேயே சத்தியம் செய்துவிட்டாளே, இதற்கு மேல் என்ன வேண்டும்! ஒரு பெண் நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மலர்விழிக்கு மட்டும்தான் அது புரிந்தது. பொய்ச் சத்தியத்துக்குப் பிள்ளையின் தலையைக் கொடுக்க மறுத்துவிட்டுப் புருஷனின் தலையைக் கொடுத்திருக்கிறாள் அந்தப் பெண். அந்த மாடியில் அவளுக்கு இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

"என்ன நடந்தது? ஏன் எல்லோரும் அழுகிறார்கள்?" என்றார் ஹமீடா. மலர்விழிக்கு அதை மலாயில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் தலைப்பு: 'தாலி மீது சத்தியம் செய்தார் தாய், மௌனம் காக்கிறது இலாகா.' இந்த முறை கேள்விக்குறிகூட இல்லை. முகுந்தன் அதை எழுத மறுத்ததாகவும், வேறொருவர் எழுதியதாகவும் பின்னால் தெரிந்தது. வானொலியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இலாகாவின் திருத்தப்பட்ட அறிக்கையை வாசித்தார்கள். பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம் என்று அது கேட்டுக்கொண்டது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நீதிமன்றத்தில் ஷாமினி, பிள்ளை விளையாட்டுப் புத்தியில் சாம்பிராணித் தட்டைத் தொட்டுச் சுட்டுக்கொண்டாள் என்றாள். மருத்துவர், அப்படியும் இருக்கலாம், அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்றார். மலர்விழி தன்னால் முடிந்ததைச் சொன்னாள், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. ஷாமினி புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. சொல்லிவிடாதீர்கள் என்று. சொன்னால் பிள்ளைக்கு விடுதலை கிடைத்திருக்குமா, தாய்க்குச் சாவு கிடைத்திருக்குமா? மலர்விழிக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கவும், இலாகா அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்ளவும் உத்தரவாயிற்று. தலைமையகத்தில் பெருமூச்சு விட்டார்கள். குடும்பம் ஒன்று சேர்ந்தது என்று மகிழ்ச்சியான அறிக்கை ஒன்றும் தயாராயிற்று.

கொண்டுபோய் விடும் வேலையும் மலர்விழிக்கே வந்தது. அவள் கையால் எடுத்ததை அவள் கையாலேயே கொடுத்தால் மக்களுக்கு நம்பிக்கை வருமாம். அதே வெள்ளை வேன். டெங்கிலிலிருந்து கிளம்பும்போது விஷ்ணுப்ரியா காப்பகத்தில் கொடுத்த புது கவுனைப் போட்டிருந்தாள். முழங்கைப் புண் ஆறி, தோல் பளபளவென்று இருந்தது. பனைமரங்கள் தீரும் வரை சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவள், கேட்டாள்.

"ஆன்டி, அப்பா இருப்பாரா?"

"இருப்பாரும்மா."

"நீங்களும் உள்ள வருவீங்களா?"

மலர்விழி அவள் கவுன் கழுத்தைச் சரிசெய்தாள். பிள்ளை மறுபடி கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னாள். "அம்மா அன்னைக்குச் சும்மாதானே அழுதாங்க. இன்னைக்கும் சும்மா அழுவாங்களா?"

மலர்விழி இதை எப்படி மறந்தாள்? அறிக்கையை நிறுத்தலாம், செய்தியை எடுக்க வைக்கலாம், தாய் தாலி மேல் சத்தியம் செய்யலாம். உண்மை முழுவதும் இந்தப் பிள்ளையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. இன்று ராத்திரி சோறு ஊட்டும்போது அப்பன் தேனொழுகக் கேட்டால் சொல்லிவிடுமே.

அவள் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளை எதையும் மறைக்கச் சொல்லாதீர்கள், மறைக்கச் சொல்பவர்களை நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசியவள் அவள். "விஷ்ணு, இங்க பாரும்மா. அம்மா சும்மா அழுதாங்கன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட சொல்லவே கூடாது. யாராச்சும் கேட்டா, அம்மா நெசமாதான் அழுதாங்கன்னு சொல்லணும். சரியா? சொல்லு பாப்போம்."

"அம்மா நெசமாதான் அழுதாங்க."

"இன்னொரு தடவ."

கிள்ளான் வரும் வரை சொல்ல வைத்தாள். பிள்ளை பாட்டுப் போலப் பாடம் பண்ணிக்கொண்டது. மலர்விழிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுக்குமாடியில் ஊரே கூடியிருந்தது. படியில் கைதட்டினார்கள். தம்புசாமி பெரிய கரடி பொம்மையோடு நின்றார். எல்லார் கையிலும் கைப்பேசி. பிள்ளையைப் படம் எடுப்பது குற்றம் என்று மலர்விழி சொன்னாள். "குத்தத்தப் பத்தி நீங்க பேசுறீங்களா மேடம்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் ஷாமினி நின்றாள், பின்னால் புருஷன். சூடம் அறைந்த உள்ளங்கையில் துணிக்கட்டு. அவள் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள், இந்த முறை சத்தமே இல்லாமல். மலர்விழியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தம்புசாமி குனிந்து கைப்பேசியைப் பிள்ளையின் வாயருகே நீட்டினார். "பாப்பா, இந்த ஆன்டி ஒன்னையத் தூக்கிட்டுப் போனப்ப அம்மா என்னம்மா பண்ணாங்க? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

விஷ்ணுப்ரியா மலர்விழியைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூட மேடையில் ஏறிய பிள்ளை டீச்சரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள்.

"அம்மா நெசமாதான் அழுதாங்க. சும்மா அழல."

"ஐயோ, செல்லம்!" என்றது கூட்டம். சிலர் கைதட்டினார்கள். சும்மா அழுதாளா என்று யாருமே கேட்கவில்லையே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, ஒருவனைத் தவிர. பரமேஸ்வரன் பிள்ளையைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு மலர்விழியைப் பார்த்தான். கைகூப்பினான்.

"ரொம்ப நன்றிங்க மேடம். இனிமே நாங்க பாத்துக்கிறோம்."

கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது. கீழே பந்தல் போட்டுச் சாப்பாடு வைத்திருந்தார்கள். கூட்டம் பேசிக்கொண்டே படியிறங்கத் தொடங்கியது. மலர்விழி மட்டும் நின்றாள். உள்ளே தொலைக்காட்சி போட்டார்கள். யாரோ ஒரு நடிகரின் நகைச்சுவை, சிரிப்பொலி. பிறகு அந்தச் சத்தம் கூடியது. இன்னும் கூடியது.

"கதவத் தொறங்க!" மலர்விழி இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள். "பரமேஸ்வரன், கதவத் தொறங்க! யாராச்சும் போலீஸக் கூப்பிடுங்க! உள்ள அடிக்கிறான், கூப்பிடுங்களேன்!"

படியில் போனவர்கள் நின்று திரும்பினார்கள். "பாத்தியா, பிள்ளையக் குடுத்தும் விட மாட்டேங்கிறா" என்றாள் ஒருத்தி. கைப்பேசிகள் மறுபடியும் உயர்ந்தன.